சீன மருத்துவத்தின் உறுப்புகளைப் புரிந்துகொண்டு தினசரி வாழ்வில் பயன்படுத்துவது எப்படி: புதியவர்களுக்கான முழு வழிகாட்டி

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நான்கைந்து பேருக்குச் சீன மருத்துவத்தின் அடிப்படைகளைச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். வருகிறவர்களில் பெரும்பாலானோர் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். வாட்ஸ்அப்பில் வந்த உறுப்புக் கடிகாரப் படத்திலிருந்து (ஒவ்வொரு இரண்டு மணி நேரத்தையும் ஓர் உறுப்புக்கு ஒதுக்கும் படம்) தொடங்குவார்கள். “ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வருது சார், அப்போ எனக்கு நுரையீரல் சரியில்லையா?” என்பார்கள். கடைசியில் படிக்க வேண்டியதை முதலில் படித்ததால் வரும் குழப்பம் இது.

இங்கே வரிசை அப்படியே தலைகீழ். எந்த உறுப்பு என்று சொல்வது ஆறாவது படியில்தான் வரும். கடிகாரம் எட்டாவது. இடையில் எதையும் தாண்டாதீர்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நோட்டு, ஜன்னலோரம் வைக்க ஒரு கண்ணாடி, 14 நாள் பொறுமை. இவற்றோடு அண்மையில் எடுத்த இரத்தப் பரிசோதனை முடிவு. புதியவர்கள் விட்டுவிடுவது இந்தக் கடைசிப் பொருளைத்தான்.

காரணம் எளிது. களைப்பு, வெளிறிய நாக்கு, எழுந்தால் தலைசுற்றல் ஆகிய மூன்றையும் சேர்த்துச் சீன மருத்துவம் ‘இரத்தக் குறைவு’ என்று சொல்லும். அதே ஆளுக்கு ஹீமோகுளோபின் 8 ஆக இருக்கலாம், தைராய்டு சுரப்பு குறைந்திருக்கலாம். அது தெரியாமல் பேரீச்சை வகைகளை வேகவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் மாதங்கள் வீணாகும்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கறுத்த மலம், காரணமில்லாத எடைக்குறைவு, ஒரு பக்கம் மரத்துப்போவது போன்றவை இருந்தால் நோட்டை மூடிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். ‘ச்சி’ என்பது உடலில் ஓடுவதாகச் சீன மருத்துவம் சொல்லும் உயிர்ச்சக்தி; உடலை அறுத்துப் பார்க்கும் அறிவியல் அது ஓடும் பாதைகள் எதையும் கண்டதில்லை. ஆகவே இதை உடலைக் கவனிப்பதற்கான ஒரு மொழியாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த அளவில் இது நன்றாகவே பயன்படுகிறது.

2. உறுப்பின் பெயரை வேலையின் பெயராக மாற்றுங்கள்

சீன மருத்துவத்தின் மூலநூலான ஹுவாங்டி நெய்ஜிங், உறுப்புகளை ஓர் அரசவையின் அதிகாரிகளாக அறிமுகப்படுத்துகிறது. அதன் சூவென் பகுதியின் 8ஆம் அத்தியாயத்தில் இதயம் அரசர், நுரையீரல் அமைச்சர், கல்லீரல் திட்டம் தீட்டும் தளபதி, பித்தப்பை முடிவெடுக்கும் அதிகாரி. மண்ணீரலும் இரைப்பையும் தானியக் களஞ்சியப் பொறுப்பாளர்கள். எடை, நிறம், வடிவம் பற்றி அங்கே பேச்சே இல்லை. யாருக்கு என்ன பொறுப்பு என்பதுதான் பேச்சு.

சிக்கல் மொழிபெயர்ப்பில் வந்தது. மேற்கத்திய உடற்கூற்று நூல்கள் கிழக்காசியாவுக்கு வந்தபோது, அவற்றில் இருந்த உறுப்புகளுக்கு இந்தப் பழைய பெயர்களையே சூட்டினார்கள். டச்சு மொழி வழியாக ஜப்பானில் 1774இல் வெளியான உடற்கூற்று நூல் இதில் பெரிய பங்கு வகித்தது. கணையத்துக்குப் பொருத்தமான பழைய பெயர் கிடைக்காததால் ஜப்பானில் பின்னர் புது எழுத்தே உருவாக்க வேண்டியிருந்தது. ஆக, செரிமானம் முழுவதையும் சுமக்கும் சீன ‘பீ’, இன்று இரத்த அணுக்களை வடிகட்டும் மண்ணீரலின் தலையில் உட்கார்ந்திருக்கிறது.

எனவே நோட்டின் முதல் பக்கத்தில் ஐந்து பெயர்களையும் சீன ஒலியிலேயே எழுதுங்கள்: கான் (கல்லீரல்), ஷின் (இதயம்), பீ (மண்ணீரல்), ஃபெய் (நுரையீரல்), ஷென் (சிறுநீரகம்). “எனக்கு பீ பலவீனம்” என்று எழுதினால் ஸ்கேன் எடுக்க ஓட மாட்டீர்கள். “மண்ணீரல் பலவீனம்” என்று எழுதினால் ஓடுவீர்கள். ஒலி நம் காதுக்குச் சங்கடமாக இருக்கும், வகுப்பில் முதல் நாள் எல்லோரும் சிரித்துவிட்டுத்தான் எழுதுவார்கள். பரவாயில்லை, அதனாலேயே மறக்காது.

ஒரு எச்சரிக்கை. ‘ஷென்’ இரண்டு உண்டு. ஒன்று சிறுநீரகம், மற்றொன்று இதயத்தில் குடியிருப்பதாகச் சொல்லப்படும் மனம், உணர்வு. சீனத்தில் எழுத்தும் தொனியும் வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும். இரண்டாவதை ‘மனம்’ என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

3. முதலில் ஐந்து ஸாங், அப்புறம் ஆறு ஃபூ

ஸாங் என்றால் சேமித்துக் காப்பவை. ஃபூ என்றால் வாங்கிக் கடத்தி வெளியேற்றும் குழல்கள், பைகள். இந்தப் பதினொன்றோடு கடிகாரத்தில் வரும் இதய உறையையும் சேர்த்துப் பன்னிரண்டையும் ஒரே நாளில் மனப்பாடம் செய்யப் பார்த்தால் எதுவும் நிற்காது. வாரத்துக்கு ஒரு ஸாங் போதும்.

*பீ*யில் தொடங்குங்கள், ஏனென்றால் நம்மால் தினமும் மூன்று வேளை சோதித்துப் பார்க்க முடிந்தது இதுதான். சாப்பாட்டிலிருந்து சாரத்தைப் பிரித்து ச்சியாகவும் இரத்தமாகவும் ஆக்கி மேலே அனுப்புவது இதன் வேலை. தசையும் வாயும் இதன் பொறுப்பு. இரத்தம் குழாயை விட்டு வெளியே கசியாமல் பிடித்து வைப்பதும் இதுதான். ஈரம் இதற்கு ஆகாது. இது தளர்ந்தால் சாப்பிட்டதும் உப்புசம், இளகிய மலம், கை கால் கனம், மத்தியானத் தூக்கம், இனிப்பின் மீது ஆசை. ஒரே யோசனை மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருப்பதையும் இதன் கணக்கில்தான் எழுதுவார்கள்.

*கான்* போக்குவரத்துக் காவலர் மாதிரி. ச்சி தேங்காமல் ஓடவிடுவது வேலை. தடைபட்டால் விலாவில் இறுக்கம், அடிக்கடி பெருமூச்சு, எரிச்சல், மாதவிலக்குக்கு முன் மார்பில் கனம். கண், நகம், தசைநாண்கள் இதைச் சேர்ந்தவை. கோபம் கானுக்கு உரியது என்று பாடம் சொல்லும். ஆனால் சீனர்கள் அன்றாடப் பேச்சில் முன்கோபத்தைக் குறிக்கும் சொல் ‘பீ ச்சி’, அதாவது மண்ணீரலின் ச்சி! செயலியில் சீனம் படிக்கும் மாணவி ஒருவர் இதைப் பிடித்துக்கொண்டு என்னை அரை மணி நேரம் விடவில்லை. பேச்சு வழக்கை மருத்துவக் கணக்கோடு சேர்க்காதீர்கள் என்பதுதான் என் பதில்.

*ஷின்* இரத்த ஓட்டத்தையும் மனத்தையும் பார்த்துக்கொள்கிறது. படபடப்பு, தூக்கமின்மை, கனவு மிகுதி இங்கே வரும். *ஃபெய்* மூச்சோடு தோல், மூக்கு, வெளியிலிருந்து வரும் சளி காய்ச்சலைத் தடுக்கும் காவல் ஆகியவற்றையும் கவனிக்கும். துக்கம் இதைத்தான் தாக்கும் என்பார்கள்.

*ஷென்* பிறவியில் வந்த சேமிப்பு. வளர்ச்சி, கருவுறுதல், எலும்பு, பல், காது, தலைமுடி, இடுப்பு, முழங்கால் எல்லாம் இதன் கீழே. சூவென்னின் முதல் அத்தியாயம் பெண்ணின் வயதை ஏழேழாகவும் ஆணின் வயதை எட்டெட்டாகவும் எண்ணுகிறது. பெண்ணுக்கு 14இல் மாதவிலக்கு தொடங்குவதும் 49இல் நிற்பதும் ஷென்னின் ஏற்ற இறக்கமாகவே அங்கே விளக்கப்படுகிறது. சிறுநீரை இரத்தத்திலிருந்து பிரிக்கும் வேலை இதில் ஒரு சிறு மூலைதான்.

ஃபூ உறுப்புகளை ஜோடியாக ஒட்டிக்கொள்ளுங்கள்: கானுக்குப் பித்தப்பை, ஷின்னுக்குச் சிறுகுடல், பீக்கு இரைப்பை, ஃபெய்க்குப் பெருங்குடல், ஷென்னுக்குச் சிறுநீர்ப்பை. ஆறாவதான சான்ஜியாவ் உடலின் மேல், நடு, கீழ் என மூன்று அறைகளுக்கும் நீர்ப்பாதை. ‘பெயர் உண்டு, உருவம் இல்லை’ என்று பழைய நூலே சொல்லிவிட்டது. படத்தில் எங்கே இருக்கிறது என்று தேடாதீர்கள்.

4. ஐந்து ஷிங்கை ஐம்பூதத்தோடு கலக்காதீர்கள்

மரம், நெருப்பு, மண், உலோகம், நீர். இவை ஐந்து ‘ஷிங்’. அந்தச் சொல்லுக்கு நடப்பது, நகர்வது என்று பொருள். நம் ஐம்பூதம் உலகம் எதனால் ஆனது என்று சொல்கிறது. ஷிங் ஒன்று மற்றொன்றாக எப்படி மாறுகிறது என்று சொல்கிறது. தமிழ்நாட்டு அக்குபங்சர் வகுப்புகள் சிலவற்றில் மரத்துக்குப் பதில் ஆகாயம், உலோகத்துக்குப் பதில் காற்று என்று போட்டுவிடுகிறார்கள். மனப்பாடத்துக்குச் சுலபம்தான். ஆனால் மரம் வேர்விட்டு மண்ணைப் பிளக்கும் என்ற படிமம் போய்விட்டால் அடுத்த பாடம் புரியாது.

கான் மரம், ஷின் நெருப்பு, பீ மண், ஃபெய் உலோகம், ஷென் நீர். பீ மண்ணைச் சேர்ந்தது, தமிழில் அதன் பெயர் மண்ணீரல். தற்செயல்தான்; நினைவில் வைக்க உதவும், அதன் மேல் சித்தாந்தம் கட்டிவிட வேண்டாம்.

இரண்டு சுற்று தெரிந்தால் போதும். வளர்க்கும் சுற்றில் மரம் நெருப்பை, நெருப்பு மண்ணை, மண் உலோகத்தை, உலோகம் நீரை, நீர் மரத்தை வளர்க்கும். அடக்கும் சுற்றில் மரம் மண்ணை, மண் நீரை, நீர் நெருப்பை, நெருப்பு உலோகத்தை, உலோகம் மரத்தை அடக்கும்.

இது எதற்கு என்றால், கோளாறு தெரியும் இடமும் தொடங்கிய இடமும் வேறாக இருக்கலாம் என்பதற்கு. அலுவலகத்தில் மதிப்பீட்டு வாரம் வந்தால் மட்டும் ஒருவருக்கு வயிறு கலங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வயிறு பீயின் எல்லை. ஆனால் தொடக்கம் மன இறுக்கம், அது கானின் எல்லை. மரம் மண்ணை அளவுக்கு மீறி அடக்குகிறது. அவருக்குச் சாப்பாட்டை மட்டும் மாற்றினால் பாதிப் பலன்தான் கிடைக்கும்.

5. பதினான்கு நாள் குறிப்பெடுங்கள், தீர்ப்பு எழுதாதீர்கள்

சீனாவின் மிங் வம்ச ஆட்சிக் காலத்து மருத்துவர் ஜாங் ஜிங்யுவெ பத்துக் கேள்விகளை ஒரு பாட்டாகக் கட்டிவைத்தார். அதிலிருந்து வீட்டில் கேட்கக்கூடியவை இவை: குளிரா சூடா, வியர்வை எப்போது, தலையிலும் உடம்பிலும் எங்கே நோவு, மலமும் சிறுநீரும் எப்படி, பசி எப்படி, நெஞ்சில் அடைப்பு உண்டா, காது எப்படி, தாகம் எப்படி. இவற்றோடு தூக்கத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பதில் நுணுக்கமாக இருக்க வேண்டும். ‘தாகம் உண்டு’ என்று எழுதினால் பயனில்லை. வெந்நீர் கேட்கிறதா, ஜில்லென்று கேட்கிறதா? வாயை நனைத்தால் போதுமா, ஒரு செம்பு குடித்தாலும் அடங்கவில்லையா? வெந்நீரைத் தேடும் தாகமும் ஐஸைத் தேடும் தாகமும் எதிரெதிர் திசைகளைக் காட்டுகின்றன.

நாக்கைத் தினமும் ஒரே நேரத்தில் பாருங்கள். காலையில், பல் தேய்க்கும் முன், பகல் வெளிச்சத்தில். குழல்விளக்கின் கீழ் நாக்கு நீலம் பாரித்துத் தெரியும். நீட்டி வைத்துப் பத்து எண்ணுவதற்குள் பார்த்துவிடுங்கள், அதற்கு மேல் போனால் நிறம் தானாகவே கருக்கும். நுனியில் ஷின், அதை ஒட்டி ஃபெய், ஓரங்களில் கான், நடுவில் பீயும் இரைப்பையும், தொண்டைப் பக்கத்து அடிப்பகுதியில் ஷென். முதலில் தசையின் நிறம், பிறகு ஓரத்தில் பல் தடம் உண்டா, கடைசியாக மேலே படிந்த மாவு என்ற வரிசையில் எழுதுங்கள். மெல்லிய வெள்ளை மாவு இயல்பு. தடித்துப் பிசுபிசுப்பாக இருந்தால் ஈரம். மஞ்சள் என்றால் சூடு.

மஞ்சள் என்றதும் ஒரு சம்பவம். ஒரு மாணவர் பதற்றத்தோடு கைபேசியில் படம் காட்டினார்: நாக்கு நடுவில் பளிச்சென்று மஞ்சள். இணையத்தில் தேடி, இரைப்பையில் கடும் வெப்பம் என்று தீர்மானித்து, இரண்டு நாளாக வெள்ளரிக்காயும் தர்ப்பூசணியுமாக ஓட்டியிருந்தார். படம் எடுத்தது எப்போது என்று கேட்டேன். ராத்திரி, மஞ்சள்தூள் போட்ட பால் குடித்த பிறகு! இதற்குச் சீன மருத்துவத்தில் ‘சாயமேறிய மாவு’ என்று தனிப் பெயரே உண்டு. காப்பி, வெற்றிலை, கலர் மிட்டாய் எல்லாம் இதே வேலையைச் செய்யும். குளிர்ச்சியாகத் தின்று தின்று அவருக்கு வயிறு உண்மையாகவே கெட்டுப்போனதுதான் மிச்சம்.

நாடி பார்ப்பதை இப்போது தொடாதீர்கள். இடது மணிக்கட்டில் ஷின், கான், ஷென், வலதில் ஃபெய், பீ, மறுபடி ஷென் என்று இடம் சொல்லிவிடலாம். விரலுக்குப் பழக வருடங்கள் ஆகும்.

6. தன்மையை முதலில், உறுப்பைப் பிறகு

குறிப்புகளை எடுத்துக்கொண்டு இரண்டு கேள்வி கேளுங்கள். குளிர்ச்சியா சூடா? குறைவா தேக்கமா? இவற்றுக்கு விடை கிடைக்காமல் உறுப்பின் பெயரைச் சொன்னால், சரியான உறுப்பைப் பிடித்தும் தவறான வைத்தியம் செய்வீர்கள்.

களைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓய்வெடுத்தால் தெளிகிறது, வேலை செய்தால் கூடுகிறது என்றால் குறைவு. படுத்தே கிடந்தால் கனம் ஏறுகிறது, அரை மணி நடந்து வந்தால் கலகலவென்று ஆகிறது என்றால் தேக்கம். முதலாமவருக்குச் சத்தான கஞ்சியும் தூக்கமும் வேண்டும். இரண்டாமவருக்கு அதே கஞ்சியை ஊற்றினால் இன்னும் கனக்கும். களைப்பு என்றதும் ஜின்செங் வாங்கிச் சாப்பிட்டுத் தலைவலியோடு திரும்புகிறவர்கள் இந்த இரண்டாம் வகை.

தன்மை தெளிந்த பிறகு, மூன்றாம் படியில் எழுதிய பட்டியலோடு ஒப்பிடுங்கள். ஒரே உறுப்பைக் காட்டும் குறிகள் குறைந்தது மூன்றாவது வேண்டும். இடுப்பு வலி ஒன்றை மட்டும் வைத்து ‘ஷென் குறைவு’ என்று எழுதாதீர்கள். அது நாற்காலியின் குறையாக இருக்கலாம். ஷென் குறைவு என்று சொல்லப்படுபவருக்குக் கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் செயல்பாட்டைக் காட்டும் இரத்தப் பரிசோதனை அளவு) பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். கிரியேட்டினின் ஏறியவர் போக வேண்டியது சிறுநீரக மருத்துவரிடம். இரண்டும் வேறு வேறு கணக்கு.

7. ஒரு நேரத்தில் ஒரே மாற்றம், இரண்டு வாரம்

ஐந்து மாற்றங்களை ஒன்றாகச் செய்தால் எது வேலை செய்தது என்று தெரியாது. நான் முதல் வருடம் முழுக்கச் செய்த தவறு இது.

பீ தளர்ந்தவருக்கு: காலையில் சூடான, நன்கு வெந்த சாப்பாடு. சீனர்கள் சொல்லும் ‘ஜோவ்’ நம் கஞ்சிதான். ஒரு பங்கு அரிசிக்கு எட்டு முதல் பத்துப் பங்கு தண்ணீர் ஊற்றி, சிறு தீயில் அரிசி குழையும்வரை கொதிக்கவிட வேண்டும். வெந்தது என்றால் பீயின் வேலையில் பாதியை அடுப்பு செய்துவிட்டது என்று அர்த்தம். வட சீனத்தில் பிள்ளை பெற்றவளுக்கு முதலில் கொடுப்பது ‘ஷியாவ்மி’ கஞ்சி; அது வேறொன்றுமில்லை, தினை. (கைபேசி பிராண்டின் பெயரும் இதே சொல்தான்.) சர்க்கரை நோய் உள்ளவர்கள் குழைந்த அரிசிக் கஞ்சியைத் தவிர்க்க வேண்டும். சர்க்கரை சட்டென்று ஏறும்.

கான் தேங்கியவருக்கு: மாலையில் நடை, சாப்பாட்டு மேசையில் வாக்குவாதம் இல்லை. இவ்வளவு போதும்.

ஷென்னில் குளிர்ச்சி இருப்பவருக்கு: இரவில் கால் ஊறவைத்தல். கணுக்காலுக்கு மேலே வரும்படி 40 டிகிரி அளவு வெந்நீர், 15 முதல் 20 நிமிடம். ஷென்னின் பாதை உள்ளங்காலில் தொடங்குகிறது என்பது காரணம். முதுகில் லேசாக ஈரம் தட்டியதும் எடுத்துவிடுங்கள். வியர்த்து வடியவிட்டால் குறைவு கூடும் என்பது சீன மருத்துவக் கணக்கு. சர்க்கரை நோயால் கால் மரத்தவர்கள் இதைச் செய்யவே கூடாது, சுட்டாலும் தெரியாது.

உடற்பயிற்சி வேண்டுமென்றால் பாதுவான்ஜின் என்ற எட்டு அசைவுகள். சீன அரசின் விளையாட்டுத் துறை 2003இல் ஒழுங்குபடுத்தி வெளியிட்ட வடிவம் சுமார் 12 நிமிடம். மூன்றாவது அசைவு பீக்கும் இரைப்பைக்குமானது: ஒரு உள்ளங்கை வானத்தைத் தள்ள, மற்றது தரையைத் தள்ளும். புதியவர்கள் கையை மட்டும் தூக்குவார்கள். விலா இழுபடவில்லை என்றால் அசைவு நடக்கவில்லை.

பருவ ஆலோசனைகளைப் படிக்கும்போது கவனம். ‘இலையுதிர் காலம் வறண்டது, ஃபெய்யை ஈரப்படுத்துங்கள், பேரிக்காயைக் கற்கண்டோடு வேகவைத்துச் சாப்பிடுங்கள்’ என்பது பெய்ஜிங்கின் வானிலைக்குச் சொன்னது. அதே அக்டோபர், நவம்பரில் சென்னையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும், துணி காயாது. காலண்டரைப் பார்க்காமல் ஜன்னலுக்கு வெளியே பாருங்கள்.

8. இப்போது கடிகாரத்தை எடுக்கலாம்

ஒரு நாளைப் பன்னிரண்டு இரட்டை மணிகளாகப் பிரித்து, அதிகாலை 3–5 ஃபெய், 5–7 பெருங்குடல், 7–9 இரைப்பை, 9–11 பீ, 11–1 ஷின், 1–3 சிறுகுடல், 3–5 சிறுநீர்ப்பை, மாலை 5–7 ஷென், 7–9 இதய உறை, 9–11 சான்ஜியாவ், இரவு 11–1 பித்தப்பை, 1–3 கான் என்று அடுக்கியிருக்கிறார்கள். காலையில் வயிறு நிறையச் சாப்பிடு, இரவு 11க்குள் படு என்ற அறிவுரைகள் இதிலிருந்து வருகின்றன.

அந்த மணிகள் சூரியனைப் பார்த்து வைத்தவை. சிங்கப்பூரில் கைக்கடிகாரம் சூரியனைவிட ஏறத்தாழ ஒரு மணி ஐந்து நிமிடம் முந்திப் போகிறது. அங்கே மூன்று மணிக்கு விழிப்பவருக்குச் சூரியக் கணக்கில் இரண்டு கூட ஆகவில்லை. இந்த முறைப்படியே பார்த்தாலும் அது கானின் நேரம், ஃபெய்யின் நேரம் அல்ல. சீனா முழுக்க ஒரே நேரம் என்பதால் மேற்கே உரும்சியில் இடைவெளி இரண்டு மணிக்கு மேல். சென்னையில் ஒன்பது நிமிடம்தான், விட்டுவிடலாம்.

இந்தக் கணக்கைப் போட்ட பிறகும் கடிகாரத்தைத் துணைச் சாட்சியாக மட்டுமே வையுங்கள். முதலில் சொன்ன அந்த மூன்று மணிக்காரர் ராத்திரி பத்தரைக்கு ஒரு பெரிய டம்ளர் டீ குடிப்பவர். டீயை நிறுத்தியதும் தூக்கம் வந்துவிட்டது.

9. எங்கே நிறுத்த வேண்டும், யாரிடம் போக வேண்டும்

மூலிகைகளை நீங்களாக வாங்காதீர்கள். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் எடைக் குறைப்புக்கான சீன மூலிகை மாத்திரைகளில் ஒன்றுக்குப் பதில் வேறொரு மூலிகை கலந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்டோரின் சிறுநீரகம் பாழானது. சாதாரணமாகத் தெரியும் அதிமதுரமே நாள்கணக்கில் எடுத்தால் பொட்டாசியத்தைக் குறைத்து இரத்த அழுத்தத்தை ஏற்றும். இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் ‘டாங்குய்’ வேரைத் தொடவே கூடாது, இரத்தக்கசிவு வரலாம். கருவுற்றவர்கள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள புள்ளியையும், உள்கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே உள்ள புள்ளியையும் அழுத்துவதைப் பாரம்பரியமே தடுக்கிறது.

இரண்டு மாற்றங்களை முயன்று ஒரு மாதத்தில் ஒன்றும் நகரவில்லை என்றால், முறையாகப் படித்துப் பதிவு பெற்ற சீன மருத்துவரிடம் போங்கள். சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல், இரத்தப் பரிசோதனை, உங்கள் நோட்டு, மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். “எனக்கு பீ குறைவு” என்று நீங்களே தீர்ப்போடு போகாமல் பதினான்கு நாள் பக்கங்களை அப்படியே காட்டுங்கள். அன்று காலை நாக்கை வழிக்க வேண்டாம். காப்பியை, மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்து குடிக்கலாம்.